4 வயது மகள் மண்ணில் கால் வைக்க அழுகிறாள். உங்கள் பிள்ளைகள் எப்படி?

தக்கலை அம்மா
ஞாயிறு, இரவு 9.40

இன்று திருவட்டாறு பக்கத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். ஓட்டு வீடு, சுற்றி 60 சென்ட் விளை. தென்னை, கமுகு, இரண்டு பலா, ஓங்கி வளர்ந்த ஓர் அயினி, கிணற்றடியில் மட்டி வாழை. பள்ளிக்கூடம் போகும் முன்பே நான் ஏறி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட இடம் அது. நேற்று இரவு நல்ல மழை. செம்மண் குளிர்ந்து கிடந்தது. என் மகளுக்கு 4 வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. செருப்பைக் கழற்றி அவளை முற்றத்தில் இறக்கிவிட்டேன். ஒரு கால் மண்ணில் பட்டதுதான் தாமதம், இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு என் கழுத்தைப் பிடித்துத் தொங்கினாள். "அழுக்கு, அழுக்கு" என்று தேம்பித் தேம்பி அழுதாள். என் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுடைய ஒரு நாளை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். காலை ஏழே முக்காலுக்கு வேன். பள்ளி முற்றம் முழுவதும் சிமென்ட் கல் பதித்திருக்கிறார்கள். மூன்றரைக்கு வீடு. எங்கள் வீட்டு முன்பக்கமும் டைல்ஸ்தான். மழையில் சேறாகிறது என்று நாங்களே பதித்தோம். பிறகு தொலைக்காட்சி, சாப்பாடு, தூக்கம். திங்கள் முதல் வெள்ளி வரை அவள் கால் மண்ணைத் தொட ஒரு வாய்ப்பும் இல்லை. எறும்புக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டால் சட்டென்று சொல்கிறாள். எறும்பு கையில் ஏறினால் ஊதிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது.

இது என் குற்றம்தான். அதை மறைக்கவில்லை. 3 வயது முதல் 5 வயது வரை பிள்ளைகள் வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன்: உங்கள் பிள்ளைகள் மண்ணில், மரத்தடியில், தண்ணீரில் விளையாடுகிறார்களா? தினமும் எவ்வளவு நேரம்? இப்படிக் கூச்சப்பட்ட பிள்ளையை யாராவது மாற்றியிருக்கிறீர்களா?

அங்கன்வாடி அக்கா
திங்கள், காலை 6.15

தங்கச்சி, நான் கல்குளம் பக்கம் ஓர் அங்கன்வாடியில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள் இப்போது ஆண்டுக்கு ஆண்டு கூடி வருகிறார்கள். முன்பு மண்ணைத் தின்னும் பிள்ளைகளைத் தடுப்பது எனக்கு வேலை. இப்போது மண்ணைத் தொடப் பயப்படும் பிள்ளைகளை உட்கார வைப்பது வேலை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விளையாட்டு முடிந்த பிறகுதான் படிப்பு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். எழுத்து விரலில் தொடங்குவதில்லை, தோளில் தொடங்குகிறது. கிளையைப் பிடித்துத் தொங்கிய பிள்ளைக்கும், ஈர மண்ணைச் சிரட்டையில் அமுக்கி மண்புட்டு அவித்த பிள்ளைக்கும், வாளித் தண்ணீரைத் தள்ளாடித் தூக்கி வந்த பிள்ளைக்கும் தோளும் மணிக்கட்டும் உறுதிப்பட்டிருக்கும். அவர்கள் கையில் பென்சிலைக் கொடுத்தால் பிடி தானாக அமைகிறது. அந்தப் பயிற்சி இல்லாத பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடித்து, இரண்டு வரி எழுதியதும் கை வலிக்கிறது என்று அழும். உடனே வீட்டில் இன்னும் இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையின் கண்ணீரை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

கணக்கும் அப்படித்தான். எங்கள் மையத்துக்குப் பின்னால் ஒரு புளியமரம் நிற்கிறது. அதன் அடியில் பெரிய சிரட்டை, சின்னச் சிரட்டை, ஒரு பழைய உழக்கு, ஒரு வாளித் தண்ணீர் மட்டும் வைப்பேன். உழக்கு நிறைய எத்தனை சின்னச் சிரட்டை வேண்டும் என்று அவர்களே ஊற்றிப் பார்த்துச் சண்டை போடுவார்கள். கூட, குறைய, பாதி, நிறைய என்ற சொற்களை நான் கற்பிப்பதே இல்லை. அந்தச் சண்டைக்குள்ளேயே பிறந்துவிடுகின்றன. புளியங்கொட்டையை எண்ணுவது, பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவது, காய்ந்த கமுகம் பாளையில் ஒருவனை உட்கார வைத்து இன்னொருவன் இழுப்பது... இழுப்பவன் களைத்தால் இடம் மாற வேண்டும். முறை வைத்து நடப்பதை அதைவிட நன்றாகக் கற்றுத் தரும் பாடம் என்னிடம் இல்லை.

கூச்சம் பற்றி: 4 வயது ஒன்றும் தாமதமில்லை. ஆனால் வற்புறுத்தி இறக்கிவிடாதீர்கள். அவள் அழுதது பிடிவாதம் அல்ல, கால் தோலுக்கு அது புதிது.

வடசேரி அப்பா
திங்கள், இரவு 10.05

யாரையும் புண்படுத்த இதை எழுதவில்லை. ஆனால் இந்த இழையில் எல்லோரும் 60 சென்ட் விளை வைத்திருப்பவர்களாகப் பேசுகிறீர்கள். நாங்கள் நாகர்கோவிலில் வாடகை வீட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறோம். கீழே இறங்கினால் தெரு. தெருவில் ஏழெட்டு நாய்கள். அடுத்த காலி மனையில் புல் மண்டிக் கிடக்கிறது. போன மாதம் அங்கே ஒரு விரியனை அடித்தார்கள். மழைக்காலத்தில் டெங்கு பயம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். ஆறரைக்கு வீடு வந்து சேரும்போது இருட்டத் தொடங்கிவிடும்.

என் மகனுக்கு 5 வயது ஆகப் போகிறது. அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு. அவன் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் கூட்டெழுத்து எழுதுகிறார்கள். நான் அவனை மண்ணில் விட்டுவிட்டு, பிறகு அவன் பின்தங்கினால் யார் பொறுப்பு? நாங்கள் சின்ன வயதில் குளத்தில் குதித்தோம், மரம் ஏறினோம் என்பது உண்மை. எங்களோடு குதித்த ஒருவன் திரும்பி வரவில்லை என்பதும் உண்மை. அந்த வீட்டை நான் இன்னும் கடந்து போகிறேன்.

நன்மை இருக்கிறது என்றால், உறுதியான நன்மை என்ன என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மனதார ஏற்றுக்கொள்கிறேன்.

குழந்தைகள் மருத்துவர்
செவ்வாய், இரவு 11.20

வடசேரி அப்பாவின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முயல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் கண். கண்ணாடி போட்டுக்கொண்டு வரும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கவலை அதிகம். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளை, 6, 7 வயதினரை, ஒப்பிட்டது. சிங்கப்பூரில் கிட்டப்பார்வை 29.1 சதவீதம், சிட்னியில் 3.3 சதவீதம். பெரிதாகத் தெரிந்த வேறுபாடு வெளியில் கழித்த நேரம்: சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு 13 மணி நேரத்துக்கு மேல், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் சுமார் 3 மணி நேரம். பிறகு சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் பாடவேளை வைத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள், வெளியில் போன பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். இது 2015இல் வெளியானது. காரணம் வெளிச்சம் என்று கருதப்படுகிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வகுப்பறையில் சில நூறு லக்ஸ்தான், வெளியே பல்லாயிரம். மர நிழலில் உட்கார்ந்தாலும் அறையைவிடப் பல மடங்கு. அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைத் தூண்டி, கண் நீளவாக்கில் அதிகம் வளர்ந்துவிடாமல் தடுக்கிறது என்று கருதுகிறார்கள். ஆகவே கொளுத்தும் வெயிலில் நிறுத்தத் தேவையில்லை. அடிக்கிற வெயிலுக்குத் தென்னந்தோப்பே போதும்.

அடுத்தது உடல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 3, 4 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 180 நிமிடமாவது உடல் அசைந்து இருக்க வேண்டும். அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஓடி ஆட வேண்டும். திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. இரண்டு அறை வீட்டுக்குள் 180 நிமிடத்தை எப்படி நிரப்புவது?

மூன்றாவது மண். பின்லாந்தில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் இருந்த பகல்நேரக் காப்பகங்கள் சிலவற்றின் சரளை முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்தரையையும் கொண்டுவந்து போட்டார்கள். 28 நாளில் பிள்ளைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் கூடின. நோய் எதிர்ப்பைச் சமன்படுத்தும் அணுக்களின் அளவிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. 2020இல் வந்த சிறிய ஆய்வு, 75 பிள்ளைகள்தான். அதை வைத்து ஆஸ்துமா தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். மண் என்றாலே நோய் என்ற எண்ணம் தவறு என்பதற்கு அது போதுமானது.

இனி, ஆபத்து. உங்கள் பயம் ஒவ்வொன்றுக்கும் இடம் இருக்கிறது. 1 முதல் 4 வயது வரையான பிள்ளைகள்தான் நீரில் மூழ்கும் ஆபத்தில் முதலில் நிற்பவர்கள். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பெரியவர் இல்லாமல் குளம், கிணறு, வாய்க்கால் அருகே ஒரு நிமிடமும் விடாதீர்கள். தேங்கிய மழைநீரில் எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு. காலில் காயம் இருந்தால் இறக்கவே வேண்டாம். கொக்கிப்புழு மலம் கலந்த மண்ணில் இருந்து கால் தோல் வழியாக ஏறும். ஆகவே எந்த மண் என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் செருப்பு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாகத் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள்.

விதைகள் பற்றி ஒரு வார்த்தை, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குன்றிமணி அழகாக இருக்கிறது என்று கையில் கொடுக்காதீர்கள். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. காட்டாமணக்கு, ஊமத்தை, அரளி இவையும் அப்படியே. சின்ன விதை எதுவானாலும் மூக்கிலும் காதிலும் போகும். விதையோடு விளையாட்டு, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

குலசேகரம் தோட்டம்
புதன், பகல் 1.30

மருத்துவர் விதை பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். நானும் என் கணவரும் ரப்பர் வெட்டுகிறோம். ஆடி, ஆவணியில் ரப்பர்க் காய் பட்டென்று வெடித்து விதை சிதறும். எங்கள் பிள்ளைகள் அந்தச் சத்தம் கேட்ட திசையில் ஓடுவார்கள். புள்ளி போட்ட விதையைப் பாறையில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைத்துச் சிரிப்பார்கள். நாங்களும் அப்படி விளையாடியவர்கள்தான். ஆனால் அந்தப் பருப்பும் பச்சையாகத் தின்றால் நஞ்சு. இது தோட்டத்துக்குப் புதிதாக வரும் விருந்தாளிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய பயம், ரப்பர்ப் பால் உறைவதற்கு ஊற்றும் ஆசிட். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஷெட்டில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வைக்காதீர்கள். பிள்ளைக்குத் தாகம் எடுத்தால் பாட்டிலைத்தான் தேடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படித்தவர்கள் மண்ணில் விளையாடுவதன் நன்மையைப் பேசும்போது எங்களுக்குக் கொஞ்சம் வலிக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு மண்ணுக்குக் குறைவே இல்லை. விடியும் முன் நாங்கள் வெட்டப் போய்விடுவோம். மூத்தவள் இளையவனைப் பார்த்துக்கொள்வாள். அவளுக்கே 9 வயது. அதை யாரும் இயற்கையோடு விளையாட்டு என்று சொல்வதில்லை, கவனிப்பார் இல்லாத பிள்ளைகள் என்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர். டவுன் பிள்ளைக்கு மண் கிடைக்கவில்லை, எங்கள் பிள்ளைக்கு ஆள் கிடைக்கவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் நீங்கள் சொல்கிற நன்மை வரும் என்று நினைக்கிறேன்.

என் இளையவனோடு இப்போது தினமும் பால் எடுத்து முடிந்ததும் அரை மணி நேரம் ஓடைக்கரையில் உட்காருகிறேன். ஒன்றும் சொல்லித் தருவதில்லை. அவன் கல்லைப் புரட்டுவான், நான் பார்ப்பேன். இரண்டு மாதத்தில் அவன் பேச்சு எவ்வளவு கூடிவிட்டது என்று மூத்தவளே கேட்கிறாள்.

அங்கன்வாடி அக்கா
புதன், மாலை 5.10

குலசேகரத்துத் தங்கச்சி, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். நான் 22 ஆண்டில் சொல்லத் தெரியாமல் தவித்ததைச் சொல்லிவிட்டீர்கள்.

கடற்கரைப் பாட்டா
வியாழன், காலை 5.50

நான் முட்டம் பக்கத்துக்காரன். 40 ஆண்டு கடலுக்குப் போனேன். இப்போது கரையில் வலை பின்னிக்கொண்டு பேரப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். எழுதுவது மருமகள், சொல்வது நான்.

எங்கள் கரைப் பிள்ளைகளின் மண், மணல். அதில் கருமணல், செம்மணல், வெண்மணல் என்று அலை தானாகப் பிரித்து வரி போட்டு வைக்கும். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை என் பேத்தியிடம் கொடுத்தேன். கருமணலில் வைத்தால் மீசை முளைத்தது போல ஒட்டிக்கொண்டு வரும். வெண்மணலில் வைத்தால் ஒன்றும் வராது. 4 வயதுப் பிள்ளை ஒரு மாலை முழுவதும் அதையே செய்தாள். நண்டு எந்த வளையில் போகும், எதில் வரும் என்று காத்திருப்பாள். அவ்வளவு நேரம் அவள் ஓரிடத்தில் அசையாமல் இருந்து அவள் அம்மாவே பார்த்ததில்லை.

வடசேரித் தம்பி சொன்ன பயம் எனக்கும் தெரியும். 2004 சுனாமியைப் பார்த்தவன் நான். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் வீசிய நாளுக்குப் பிறகு எங்கள் ஊரில் பல தாய்மார் பிள்ளைகளைக் கரைக்கே விடவில்லை. பிள்ளைகள் அலைச் சத்தம் கேட்டுக் காதைப் பொத்தினார்கள். கடற்கரையில் பிறந்த பிள்ளை கடலைக் கண்டு நடுங்கினால் நாளை என்ன செய்யும்? பயத்தை எடுத்துவிட்டு மரியாதையை வைக்க வேண்டும். நாங்கள் மெல்ல மெல்லத்தான் திரும்பக் கூட்டி வந்தோம். முதலில் மேட்டில் நிற்கும் வள்ளத்தின் நிழல் வரை. பிறகு காய்ந்த மணல் வரை. ஈர மணலுக்கு வருவதற்கு மாதங்கள் ஆயின.

என் சட்டம் மூன்றுதான். கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. ஈர மணலில் நிற்கும்போது என் கை அவள் கையில் இருக்க வேண்டும். கடல் கலங்கி, இரைச்சல் மாறினால் அன்று விளையாட்டு மேட்டில். இப்போது என் பேத்தியே அலையைப் பார்த்துவிட்டு, "பாட்டா, இன்று மேட்டில் இருப்போம்" என்கிறாள். மூடி வைத்து வளர்த்திருந்தால் அந்தப் புத்தி அவளுக்கு எங்கே வந்திருக்கும்?

தோவாளை சித்தி
வியாழன், இரவு 8.25

எல்லாம் சரி. ஆனால் பெண் பிள்ளை வெயிலில் விளையாடினால் கறுத்துப் போகிறாளே. என் மாமியார் தினமும் அதைத்தான் சொல்கிறார். தம்பியை வெளியே விடுகிறார், அக்காவை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

தக்கலை அம்மா
வியாழன், இரவு 9.15

சித்தி, கேட்டதற்கு நன்றி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பொறுமையாக எழுத முடியாது.

நான் கறுப்பு. என் அம்மாவும் கறுப்பு. என்னை வெயிலில் விளையாட விட்டதால்தான் இன்று இரண்டு குடம் தண்ணீரை இடுப்பிலும் கையிலுமாகத் தூக்கிப் படி ஏறுகிறேன். தோல் கறுத்தால் நிழலில் இருந்தால் மாறும். எலும்பும் தசையும் உறுதிப்படும் வயதில் வீட்டுக்குள் உட்கார வைத்தால் அந்த வயது திரும்பி வராது. தம்பி மரத்தில் ஏறும்போது அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்றால், அவள் அந்த 4 வயதிலேயே தன்னைப் பற்றி என்ன கற்றுக்கொள்கிறாள்? மாமியாரிடம் சண்டை வேண்டாம். காலை ஏழிலிருந்து எட்டரை வரை, மாலை நாலரைக்குப் பிறகு என்று நேரத்தை மாற்றிப் பாருங்கள். நீளக் கை வைத்த பருத்திச் சட்டை போடுங்கள். ஆனால் அவளை வெளியே விடுங்கள். பாவாடையோ கவுனோ வேண்டாம். தம்பியின் பழைய கால்சட்டையே போதும், மரம் ஏறத் தோதாக இருக்கும்.

மார்த்தாண்டம் அத்தை
வெள்ளி, காலை 11.00

தக்கலை அம்மாவின் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் முழுதாகப் பதில் சொல்லவில்லை. என் அண்ணன் மகனும் இப்படித்தான் இருந்தான். புல் பட்டாலும் அழுவான், மண் ஒட்டினால் கையை விரித்துக்கொண்டு அப்படியே நிற்பான். நாங்கள் செய்தது இது.

முதல் வாரம் செருப்போடு. கையில் ஒரு நீளக் குச்சி. குச்சி மண்ணைத் தொடும், அவன் தொட வேண்டியதில்லை. அடுத்து ஒரு கரண்டி. பிறகு காய்ந்த பொருட்கள் மட்டும்: பலா இலை, தென்னங்குரும்பை, காய்ந்த மணல். காய்ந்த மணல் தட்டினால் உதிர்ந்துவிடும், அதனால் பயம் குறைகிறது. ஈர மண் கடைசியில்தான். பக்கத்தில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் கழுவிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் கழுவுவதே குறைந்துவிட்டது. முக்கியமாக, நாங்கள் யாரும் "சீ" என்று சொல்லக் கூடாது என்று வீட்டில் முடிவெடுத்தோம். அதுதான் கடினமாக இருந்தது. பெரியவர்கள் ஒரு நாளில் எத்தனை முறை அதைச் சொல்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆறு வாரம் ஆயிற்று. இப்போது அவனைக் குளிக்க அழைத்து வருவதுதான் பாடு. சில பிள்ளைகளுக்கு உணவு, சத்தம், துணி எல்லாவற்றிலும் இந்தக் கூச்சம் கடுமையாக இருக்கும். அப்படியானால் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

வடசேரி அப்பா
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.30

மருத்துவருக்கும் பாட்டாவுக்கும் நன்றி. ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன், ஆகவே செய்தும் பார்த்தேன்.

மொட்டை மாடியில் நான்கு பழைய பிளாஸ்டிக் தொட்டிகளில் செம்மண் நிரப்பினோம். ஒன்றில் தட்டைப்பயறு, ஒன்றில் கீரை, இரண்டு வெறும் மண், அவை அவனுடையவை. தோண்டலாம், நிரப்பலாம், தண்ணீர் ஊற்றிக் குழைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேரூர்க் குளக்கரைக்குப் போகிறோம். அந்த ஈரநிலத்தை 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்தபோது செய்தியாகப் படித்து மறந்தவன் நான். வீட்டில் இருந்து இவ்வளவு பக்கத்தில் இருந்தும் என் மகனைக் கூட்டிப் போனதே இல்லை. நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்ததைப் பார்த்து, அது ஏன் துணி காயப் போடுகிறது என்று கேட்டான். அவன் கையை நான் ஒரு கணமும் விடவில்லை. அது என் பயம், அது இருக்கட்டும்.

ஆனால் பள்ளி விஷயத்தில் என் மனக்குறை தீரவில்லை. ஆசிரியரிடம் போய், முற்றத்தில் ஒரு மூலையையாவது மண்ணாக விடக் கூடாதா என்று கேட்டேன். பெற்றோரே சீருடை அழுக்காகிறது என்று புகார் சொல்கிறார்கள் என்றார். கே.ஜி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் கிண்டர்கார்ட்டன் ஒரு ஜெர்மன் சொல். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் 1840இல் வைத்த பெயர். அவர் பள்ளியில் பிள்ளைகளுக்கு உண்மையாகவே தோட்டப் பாத்தி இருந்தது. நாம் பெயரை வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சிமென்ட் போட்டு மூடிவிட்டோம். 2022இல் வந்த அடித்தள நிலைத் தேசியக் கலைத்திட்டமும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியாகவே கற்க வேண்டும் என்கிறது. பெற்றோர் பத்துப் பேராவது சேர்ந்து எழுதிக் கொடுத்தால் கேட்பார்களா? இதுவரை என்னோடு சேர்ந்தவர்கள் மூன்று பேர்.

குழந்தைகள் மருத்துவர்
அதே இரவு, 10.45

மாடித் தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்காமல் பாருங்கள். டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும். கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் பாருங்கள். தொட்டிகளைச் சுவரை ஒட்டி வைத்தால் அதன் மேல் ஏறிவிடுவான், நடுவில் வையுங்கள். பள்ளிக்குக் கடிதம் எழுதினால் மருத்துவர் என்ற முறையில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். நான்கு ஆயிற்று.

தக்கலை அம்மா
மறுநாள், திங்கள், இரவு 10.10

ஐந்து ஆயிற்று. என் பெயரையும் சேருங்கள்; எங்கள் பள்ளிக்கும் இதே கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன்.

மூன்று வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டு முன்பக்க டைல்ஸில் ஆறு வரிசையைப் பெயர்த்துவிட்டோம். கணவருக்கு முதலில் மனம் வரவில்லை. காசு கொடுத்துப் பதித்தது. அந்த இடத்தில் மண் போட்டு, ஒரு பூவரசுப் போத்து நட்டிருக்கிறோம். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவுக்கு இரண்டு மாலை போனோம். அங்கே சருகு மேல் நடப்பது அவளுக்குப் பிடித்துவிட்டது, செருப்போடுதான். சத்தத்துக்காகவே நடந்தாள். மார்த்தாண்டம் அத்தை சொன்ன குச்சி எப்போதும் கையில்.

நேற்று மீண்டும் அம்மா வீடு. என் அம்மா இந்த முறை எதையும் எதிர்பார்த்தவராகத் தெரியவில்லை. காய்ந்த கமுகம் பாளை ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அதில் அவளை உட்கார வைத்து விளையைச் சுற்றி இழுத்தார், 67 வயதில். மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கி நின்றபோது, இவள் இறங்கி, அம்மச்சியை உட்காரச் சொன்னாள். இழுக்க முடியுமா என்ன! ஆனால் இழுப்பதற்காகக் காலை ஊன்ற வேண்டியிருந்தது. செருப்பு வழுக்கியது. கழற்றி எறிந்துவிட்டு ஊன்றினாள். அப்போது அவள் மண்ணைக் கவனிக்கவே இல்லை. நான் வாழை மூட்டில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

அரை மணி நேரம் கழித்துக் கிணற்றடியில் இருந்து என்னைக் கூப்பிட்டாள். வாழைக்கு நீர் போகும் சாலில் குந்தி உட்கார்ந்திருந்தாள். மண்புழு ஒன்று வெளியே வந்து மீண்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. "அம்மா, மெல்லப் பேசுங்கள், உள்ளே ஒருவர் இருக்கிறார்" என்றாள்.

அடுத்த ஞாயிறு மாலை நாலு மணிக்கு மறுபடியும் அங்கே போகிறோம். தக்கலை, திருவட்டாறு பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். குலசேகரத்து அக்கா, உங்கள் இளையவனையும் மூத்தவளையும் அவசியம் அழைத்து வாருங்கள். அன்று ஒரு நாள் அவள் யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டாம், அவளும் விளையாடட்டும். கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் மேலே கம்பி வலையும் இருக்கின்றன. இருந்தாலும் ஒருவர் அங்கேயே உட்காருவோம். பழைய துணி போட்டு வாருங்கள். வழி கேட்பவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள்.

குலசேகரம் தோட்டம்
செவ்வாய், பகல் 2.05

வருகிறோம். மூத்தவளிடம் சொன்னேன். அவளுக்கு என்ன விளையாட்டு என்று கேட்கிறாள்.

அங்கன்வாடி அக்கா
செவ்வாய், மாலை 4.40

கிணற்றடியில் நான் உட்காருகிறேன். சிரட்டை பத்தும் உழக்கும் கொண்டு வருகிறேன். மூத்தவளுக்கு ஊஞ்சல் கட்ட, அயினியில் தாழ்ந்த கிளை இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். கயிறு என்னிடம் இருக்கிறது.